பிஷப்மாரின் வரிசையில் குணம் அண்ணை

மருமக்களே, கடல் ஏழும் தாண்டியவனும், அதைவிடக் கடினமான ஞாயிற்றுக்கிழமை ரெயில் திருத்த வேலைகளைத் தாண்டியவனுமாகிய உங்கள் மாமா, சென்ற ஒக்டோபர் (2008) ஒரு சனிக்கிழமை, விம்பிள்டனிலிருந்து புல்ஹாம் வரை ஒரு மாபெரும் யாத்திரை போய் வந்தேன். தூரம் நாலு மைலும் வராது. ஆனால் கூட வந்தவர் குணம் அண்ணை என்பதால் அதை இமயமலைக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

போன காரணம் சரித்திர ஆர்வம் என்று எழுதத்தான் ஆசை. உண்மைக் காரணம், அன்று முழுவதும் குணம் அண்ணையை ரெலிபோன் பக்கம் அண்ட விடக்கூடாது என்பது. அது அவருடைய மனைவி ராணி அக்கா எனக்கு இட்ட கட்டளை. அவருடைய மொபைலை அக்கா ‘சார்ஜ் போடுறன்’ என்று வாங்கி அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டார்.

குணம் அண்ணை யார் என்று கேட்கிறவர்கள் லண்டனுக்குப் புதியவர்கள். எண்பத்து மூன்றில் நான் ஹீத்ரோவில் வந்திறங்கியபோது என்னைக் கூட்டிப்போய், ரூட்டிங்கில் தன்னுடைய அறையில் பாதி மெத்தை தந்தவர். அந்த அறையில் ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்ற ஐந்து பேரும் திரும்ப வேண்டும். ஒருவர் தும்மினால் ஆறு பேரும் மூக்கைத் துடைக்க வேண்டும். பிறகு அவர் மோர்டனில் வீடு வாங்கி, அந்த வீட்டின் முன் அறையில் எங்கள் ஊர் ஒன்றியத்தைத் தொடக்கினார். பதினேழு வருஷமாக அவரே தலைவர்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் ‘போதும்’ என்று இலைக்கு மேலே கையை வைத்தால், இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ என்று அர்த்தம். பதவியும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷப் பொதுக்கூட்டத்திலும் குணம் அண்ணை எழும்பி, “எனக்குப் போதும், புது ஆக்கள் வரட்டும்” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவார். சபை பதறும். “அண்ணை, நீங்கள் இல்லாட்டி ஆர்?” என்று கேட்கும். அவர் தலையை ஆட்டுவார். மறுபடி கேட்கும். மறுபடி ஆட்டுவார். மூன்றாம் முறை, கடைசி வரிசையிலிருந்து நான், “அண்ணை, காலில விழட்டோ?” என்று கத்துவேன். அவர் பெருமூச்சுவிட்டு எழும்புவார். கைதட்டல். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். நாற்காலிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நித்திரையாகக் கிடத்திய சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ரோல்ஸ் வாசம் வரும்.

அந்த நாற்காலியில் கிடந்த பிள்ளைகள்தான் இப்போது செயற்குழு. இந்த வருஷம் செப்டெம்பரில் நடந்த செயற்குழுக் கூட்டத்தில் குணம் அண்ணை வழக்கம்போல “எனக்குப் போதும்” என்றார். பிள்ளைகள் மிக மரியாதையாக, “தேங்க்யூ அங்கிள், நீங்கள் நிறையச் செய்திட்டீங்கள்” என்றார்கள். அடுத்த நாளே எல்லாருக்கும் மின்னஞ்சல்: குணம் அங்கிள் விலகுகிறார், பொதுக்கூட்டத்தில் புதிய தலைவர் தெரிவு. பிரியாவிடைக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் ஓடர் கொடுத்துவிட்டார்கள்.

குணம் அண்ணை கொதித்தார். அந்தக் கொதிப்பில் மோர்டனில் பனி பெய்யாமல் போனது என்று வானிலை அறிக்கையே சொன்னது. வெம்பிளியில் இருக்கும் எங்கள் ஊர்க்காரரைச் சேர்த்து, அதே ஊரின் பெயரில் இரண்டாவது ஒன்றியம் தொடங்குவதாக முடிவு. சனிக்கிழமை அவர் ரெலிபோனில் ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால், ஞாயிறு பொதுக்கூட்டத்தில் வெம்பிளி ஆட்கள் எழும்பி வெளியே நடப்பார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒன்றாய் நின்ற சனம் இரண்டாகும். ராணி அக்காவின் பயம் அதுதான். என்னுடையதும்.

விம்பிள்டனில் காலை பத்தரைக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்தோம். நாலாவது நிறுத்தம் பட்னி பிரிட்ஜ். பன்னிரண்டு நிமிஷப் பயணம்.

“எங்க கூட்டிக்கொண்டு போறாய்?” என்றார் அண்ணை.

“பிஷப் வீட்டை.”

“நான் சைவக்காரனடா.”

“பிஷப் இப்ப அங்க இல்லை. எழுபத்து மூண்டாம் ஆண்டோட வெளிக்கிட்டிட்டினம்.”

“பாத்தியே. அவையையும் தேங்க்யூ சொல்லி அனுப்பிப்போட்டாங்கள்.”

ரெயில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும்போது இடப்பக்கம் பாருங்கள். மரங்களுக்கு மேலே தேவாலயக் கோபுரம் ஒன்று தெரியும். அதன் பின்னால்தான் லண்டன் பிஷப்மாரின் பழைய அரண்மனை. ஸ்ரேசனிலிருந்து ஆற்றங்கரைப் பூங்கா வழியாகப் பத்து நிமிஷ நடை. மாமாவின் முழங்கால் போட்ட சத்தத்தில் வாத்துகள் எல்லாம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்ததால் எங்களுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. பாதி வழியில் அண்ணை ஒரு வாங்கை, நாலுபேர் இருக்கக்கூடிய நீள இருக்கையைக் காட்டி நின்றார்.

“ஞாபகமிருக்கே? பெற்றோல் அடிக்கிற வேலை முடிச்சு, பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்து வருவம். இதிலதான் இருந்து பாணும் சம்பலும் தின்னுறது.”

“வாங்கு வேற அண்ணை. அது பச்சை நிறம்.”

“பெயின்ற் அடிச்சிருப்பாங்கள்,” என்று சொல்லிவிட்டு அதில் கொஞ்சநேரம் இருந்தார். பச்சையோ கறுப்போ, நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பாணின் சுவை இன்று எந்த ஐந்து நட்சத்திர விடுதியிலும் கிடையாது. பசி கிடையாது, அதுதான் காரணம்.

அரண்மனை என்றதும் தங்கத் தூண்களை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாசல், உள்ளே சதுரமான முற்றம், நாலு பக்கமும் செங்கட்டிச் சுவர். கறுத்த கட்டிகளை இடையிடையே வைத்து வைர வடிவம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மதில் சூழ்ந்த தோட்டம். ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு மேல் இந்த நிலம் பிஷப்மாரிடம் இருந்ததாம். குணம் அண்ணையின் பதினேழு வருஷம் அந்த முற்றத்தில் ஒரு கட்டிக்குக்கூடக் காணாது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முற்றத்தில், கமுகு போல உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா ஏழெட்டுப் பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஒட்டிக்கொண்டோம். பழங்காலத்து பிஷப்மாரின் பெயர்களை வரிசையாக அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். அண்ணை எட்டிப் பார்த்தார். அரைவாசிப் பேரின் பெயரோடு ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தது.

“எங்கட ஆக்கள் போலத்தான் கிடக்கு,” என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு அந்த அம்மாவிடம், ஒரு பெயரைத் தொட்டு, இவர் அந்த ஊரில் எந்தப் பகுதி, தாய்வழி யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன் செத்த மனுசனுக்குச் சம்பந்தம் பேசப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அந்த அம்மா சளைக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

ஒரு பிஷப் இறந்தால் அடுத்தவர் எப்படி வருவார் என்று அவர் சொன்னதை மாமா சுருக்கித் தருகிறேன். தேவாலயத்துக் குருமார் கூடித் தெரிவு செய்வார்கள். ஆனால் அரசன் தனக்கு வேண்டியவரைக் கண்ணால் காட்டுவான். பிறகு ரோமிலிருந்து பாப்பரசர், அவர் வேண்டாம் இவர்தான் என்று இன்னொருவரைப் போடுவார். சிலவேளை இரண்டு பேர், நான்தான் நான்தான் என்று நிற்பார்கள். வழக்கு ரோம்வரை போகும். தீரும்வரை பிஷப்பின் கதிரை வெறுமையாகக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் காலத்து வருமானம் முழுவதும் அரசனுக்கு.

“அண்ணை, கேட்டீங்களே,” என்றேன். “ரெண்டு ஒன்றியம் வந்தால் லாபம் ஆருக்கு? ஹோலை வாடகைக்கு விடுறவனுக்கும் ரோல்ஸ் பொரிக்கிற கடைக்காரனுக்கும்.”

“நீ வாயை மூடு. அவ சொல்லுறதைக் கேப்பம்.”

அவ அடுத்துச் சொன்னதுதான் வெடி. தெரிவானவர் உடனே சம்மதிக்கக்கூடாதாம். ‘எனக்குத் தகுதியில்லை, வேண்டாம்’ என்று மறுப்பதுதான் முறை என்று ஒரு மரபு இருந்ததாம். உடனே ஓம் என்றால் ஆசை பிடித்தவன் என்று ஊர் பேசுமாம்.

குணம் அண்ணையின் முகம் கார்த்திகை விளக்கீடு மாதிரி ஆனது. “இதெல்லாம் எங்கட முறையடா. இதை எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு வெள்ளைக்காரி வரவேண்டிக் கிடக்கு.”

பிறகு அவர் அந்த அம்மாவிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: இந்த வரிசையில், சாகும் முன்னரே தானாக விலகினவர் யாரும் உண்டா?

அம்மா விரலை ஓட்டி ஒரு பெயரில் நிறுத்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். பதவியை விட்டுவிட்டு எசெக்ஸ் பக்கம் ஒரு மடத்துக்குப் போய்விட்டாராம்.

“அவர் போறன் எண்டு சொன்னபோது, போகவேண்டாம் எண்டு ஆரும் கெஞ்சினவையோ?” இதை அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார். ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்டது.

அம்மா தாளிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “அது எங்கேயும் எழுதப்படவில்லை,” என்றார்.

உள்ளே ஒரு தேநீர்க் கடை உண்டு. பரிமாறிய பெட்டை அண்ணையிடம் கேக் வேண்டுமா என்று கேட்டாள். “நோ, நோ, தேங்க்யூ” என்றார். அவள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அண்ணை அந்தக் கேக்கைப் பார்த்த பார்வையில் அதன் மேலிருந்த கிறீம் உருகியது. நான் என்னுடையதில் பாதியைத் தள்ளினேன். மூன்று முறை தள்ளவேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அதே வாங்கு. அண்ணை ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“விலகின மனிசன்ர பேரும் அந்த வரிசையில கிடக்கு.”

“ஓம் அண்ணை.”

“வெட்டி எறியேல்லை.”

“இல்லை.”

“அடுத்தாளின்ர பேர் அவருக்குக் கீழதான் கிடக்கு.” பிறகு கையை நீட்டி, “உன்ர மொபைலைத் தா” என்றார்.

ராணி அக்காவின் கட்டளை தலைக்குள் மணியடித்தது. ஆனால் பாதி மெத்தை தந்தவருக்கு மொபைல் கொடுக்காமல் விடுவது எப்படி? கொடுத்தேன். வெம்பிளிக்கு எடுத்தார். “தம்பி, நான் இண்டைக்கு ஒண்டும் சொல்லமாட்டன். நாளைக்கு ஹோலுக்கு வாங்கோ. நான் எழும்பினால் எழும்புங்கோ.” அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவசரப்படாதீர்கள், மருமக்களே. முதலில் போக விரும்புகிறவர்களுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். மோர்டன் பக்கத்து ஆட்களுக்கு 93ஆம் இலக்க பஸ் நேரே பட்னி பிரிட்ஜ் வரை போகும். ஒயிஸ்டர் அட்டையில் இப்போது 90 பென்ஸ். நேரம் கூட எடுத்தாலும் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் நீங்கள்தான் ராசா. வெம்பிளியிலிருந்து வருபவர்கள் எப்படியும் ஒருமுறை ரெயில் மாறவேண்டும். வார இறுதியில் எந்த லைன் ஓடுகிறது என்று முதல் நாளே பாருங்கள். எங்களிடம் உள்ளே போக அன்று காசு கேட்கவில்லை. திறக்கும் நாட்களும் விளக்கம் சொல்லும் நேரமும் மாறுமாம், கேட்டுவிட்டுப் போங்கள். ஒக்டோபர் நல்ல மாதம்: இலை கொட்டும், கூட்டம் இல்லை. குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை. பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், வாங்கு காலியாகத்தான் கிடக்கும்.

இனி ஞாயிறு. மோர்டனில் ஒரு பள்ளிக்கூட ஹோல். கடைசி வரிசையில் வெம்பிளி ஆட்கள், ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. செயற்குழுப் பிள்ளை ஒன்று தலைவர் பதவிக்கு மயூரியின் பெயரைச் சொன்னது. மயூரி இப்போது மருந்தாளர். ஒரு காலத்தில் அந்த நாற்காலிகளில் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டவள். எழும்பி, “ஓகே, நான் செய்யிறன்” என்றாள்.

சபை மூச்சை உள்ளே இழுத்தது. ஒருமுறைகூட மறுக்கவில்லை. அப்போது குணம் அண்ணை எழும்பினார். வெம்பிளி ஆட்கள் எல்லாரும் எழும்பினார்கள். ராணி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணை நடந்தார், ஆனால் வாசலுக்கு அல்ல, மைக்குக்கு.

“பிள்ளை மயூரி, உப்பிடி டக்கெண்டு ஓம் எண்டக்கூடாது. ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லு.”

“ஏன் அங்கிள்? எனக்கு விருப்பம்தானே.”

“விருப்பமெண்டு தெரியும். நீ சொல்லு.”

மயூரி சுற்றிப் பார்த்தாள். “வேண்டாம்,” என்றாள்.

“நீ இல்லாட்டி வேற ஆர்?” என்றார் குணம் அண்ணை. “பதினேழு வருஷம் இருந்தவன் கேக்கிறன். வாம்மா. நான் முன்மொழியிறன்.”

நான் கடைசி வரிசையிலிருந்து, “பிள்ளை, காலில விழட்டோ?” என்று கத்தினேன். முதலில் சிரித்தது வெம்பிளிதான். ஒவ்வொருவராக மறுபடி அமர்ந்து கோட்டைக் கழற்றினார்கள்.

சுவர்க் கடிகாரத்தை அண்ணை இரண்டு முறை மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். பிறகு தேத்தண்ணி நேரம் மயூரி ஒரு தட்டில் கட்லற் கொண்டுவந்தாள்.

“அங்கிள், வேணுமா?”

“வேண்டாம் பிள்ளை.”

அவள் திரும்பி இரண்டடி வைத்தாள். நின்றாள். யோசித்தாள். திரும்பி வந்து தட்டை அவருடைய மூக்கின் கீழே நீட்டி, “எடுங்கோ அங்கிள்” என்றாள்.

குணம் அண்ணை பெருமூச்சுவிட்டு, இரண்டு எடுத்தார்.