மச்சாளின் கையில் வெளித்த நீலம்

மச்சாளின் கை நல்ல கை என்று இத்தாலியின் பலெர்மோவில் இருந்த எங்கள் சனம் முழுக்கச் சொல்லும். அந்தக் கை என் மோதிரத்துக்குச் செய்த வேலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மச்சாள் என் கணவரின் அக்கா. தொண்ணூறுகளின் நடுவில், தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு என் நீலக்கல் மோதிரத்தை இரவல் வாங்கினாள். கலியாணத்துக்கு அப்பா போட்ட, இலங்கை இரத்தினபுரியில் எடுத்த கல். வெயிலில் வெளிர்நீலமாகச் சிரிக்கும். திரும்பி வந்த கல் மைபோல் இருந்தது. எங்கள் சனம் இருந்த போர்கோ வெக்கியோப் பகுதியில், வீடு நிறைந்த ஆட்களுக்கு முன்னால் கேட்டேன்.

“நான் தரேக்கை நல்லாத்தான் இருந்தது. நீலம் சனியன்ரை கல்லு. கூடாத கைக்குப் போனால் கறுக்கும்” என்றாள் மச்சாள்.

“ஓம், அக்கா பொய் சொல்லமாட்டா” என்றார் கணவர். அதன்பிறகு, கூடாத கையென்று, எந்தச் சடங்கிலும் ஆரத்தித் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுக்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும், நான் வேலை செய்த வீட்டு அம்மா, பல்கலைக்கழகத்தில் எரிமலைப் பாறைகளைப் பற்றிப் படிப்பிப்பவர். மோதிரத்தைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நீலக்கல் என்பது அலுமினியமும் ஒட்சிசனும். அதற்குள் துளி இரும்பும் தைத்தேனியம் என்ற உலோகமும் சேர்ந்தால் நீலம். இந்தக் கல்லில் இரும்பு மிக அதிகம். பூமியின் ஆழத்தில் விளைந்து எரிமலைக் குழம்போடு மேலே வந்த கல். குழம்பு அதை உண்டாக்கவில்லை, சுமந்து வந்ததோடு சரி. தன் பெட்டியிலிருந்து அதே மாதிரிப் பட்டை தீட்டாத ஒன்றைக் காட்டினார். குழம்பு அரித்து அதன் மூலைகள் மழுங்கியிருந்தன. இலங்கைக் கற்கள் எரிமலையில் வந்தவை அல்ல, அவற்றில் இரும்பு குறைவு என்றார்.

கைமாறினால் கறுக்குமா என்று கேட்டேன். உள்ளே இருக்கும் இரும்பு எவர் கைக்காகவும் கூடாது, குறையாது என்றார்.

அப்படியென்றால் இது அப்பா போட்ட கல்லே அல்ல. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கருவி சொன்னதென்று போய்ச் சொன்னால் எங்கள் சனம் சிரிக்கும். அதனால் மச்சாள் கட்டிய கதையையே அவள் விரலில் மாட்டினேன். அடுத்த சடங்கில் எல்லோரும் பார்க்க மோதிரத்தைப் போட்டுவிட்டேன்.

“போடுங்கோ மச்சாள். உங்கடை நல்ல கையிலை கறுப்புப் போய் வெளிக்கட்டும். வெளிக்குமட்டும் கழட்டாதேங்கோ.”

அவளால் மறுக்க முடியவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். “இன்னும் வெளிக்கேல்லையோ?” என்று உரக்கக் கேட்டவள் நான்தான். சேலைத் தலைப்புக்குள் ஒளித்த கையையும் இழுத்துக் காட்டினேன். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

தீபாவளியன்று கல் வெளித்திருந்தது. எல்லோரும் அதிசயப்பட்டார்கள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் கல்லின் அதே சிரிப்பு. “தாங்கோ மச்சாள்” என்று கழற்றி நானே போட்டுக்கொண்டேன்.

மறுபடி கறுக்குமென்று சனம் காத்திருந்தது. நான் ஒரு சடங்கையும் விடாமல் போய் முன்வரிசையில் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் மன்னாரிலிருந்து வந்த ஒரு மாமி என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மச்சாளிடம் கேட்டாள்.

“இவளின்ரை கையிலை கறுக்கேல்லையே பிள்ளை. அப்ப அந்தக் கறுத்த கல்லு எங்கை?”

கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஆலாத்தித் தட்டை என்னிடம் நீட்டினார்கள். ஆலாத்திக்கு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று தட்டைப் பிடிக்க வேண்டும்.

“மச்சாள், நீங்கள் வாங்கோ” என்றேன்.

வந்தாள். தட்டு சுற்றி முடியும்வரை அவளால் என் மோதிரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.