வாயை மூடாத புரோகிராம்

ஸ்டூடியோ முதலாளிக்கு இன்றைக்கு என்மேல் கொலைவெறி.

படங்களை இரண்டு டிஸ்க்கில் பிரதியெடுக்கும் கட்டளையை இயக்கி, அது சொல்லும் பதிலைப் பிடித்துத் திரையில் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. பிரதியெடுப்பதில் பிழை வந்தால் அந்தச் செய்தி வேறு வழியாக வரும். அதையும் பிடித்துத் திரையில் விட்டிருந்தேன்.

மகளின் கல்யாணப் படம் கேட்டு நிலாவெளியிலிருந்து வந்த ஒரு அக்காவிடம் முதலாளி, "கல்யாணப் படம் ரெண்டு டிஸ்க்கிலயும் பத்திரம்" என்றார்.

திரையில், 'இரண்டாவது டிஸ்க் இல்லை.'

"இருக்கிறதும் உடைஞ்சா என்ர மகளின்ர கல்யாணம் எங்க?" என்றா அக்கா.

அவ போனதும் முதலாளி கத்தினார். "பள்ளிக்கூடம் முடிக்காததுக்கு வேலை குடுத்தன் பார். நாளைக்கு அந்தச் செய்தி திரையில வரக்கூடாது. வந்தா, நீ வரக்கூடாது."

நான் வழக்கம்போலக் கதைக்கவில்லை.

ஒரு வரியை மாற்றினால் புரோகிராமும் என்னைப்போல வாயை மூடும். டிஸ்க் வாங்குவதைவிட அவருக்கு அது மலிவு.

மாற்றமாட்டேன். எங்கேயாவது ஆள் தேவையென்றால் சொல்லுங்கோ. வாய்க்காரப் புரோகிராமும் கூடவே வரும்.