நாகமரைத் தண்ணீரோரம் நான்கு முட்டைகள்

1984 ஜூன், சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்கு மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். எனக்குத் திருப்பத்தூர் டெலிபோன் ஆபீஸில் வேலை. லீவு கிடைத்தால் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக் கதை. மேட்டூர் அணையின் தண்ணீர் பின்னால் வந்து தேங்கும் நாகமரையில் கூழைக்கடாக் கூட்டம் இறங்கியிருப்பதாகக் கேள்வி. விடுவேனா?

தருமபுரி, பென்னாகரம், ஏரியூர் என்று பஸ் மாறி மாறிப் போனேன். பென்னாகரத்திலிருந்து ஏரியூருக்கு ஒன்றே முக்கால் ரூபாய். வழியில் காட்டுக்குள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் பொன்முதுகு மரங்கொத்தி ஒன்றைப் பார்த்துவிட்டேன். கண்டக்டரும் எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

பகல் பதினொன்றரைக்கு நாகமரை. ஆபீஸ் நண்பனின் அக்கா மேரியும் அவர் கணவர் சூசையும் அங்கே தண்ணீர் வற்றிய அணைநிலத்தில் கேழ்வரகு போட்டிருந்தார்கள். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டுமென்று ஒரே ஓட்டம். கூழைக்கடா ஒன்றுகூட இல்லை. "முந்தாநேத்துத்தான் போச்சுங்க" என்றார் சூசை, தானே பஸ் ஏற்றி அனுப்பியவர் போல.

என் முகம் தொங்கியதைப் பார்த்து மேரியக்கா என்னைக் கழனிக்குள் கூட்டிப் போனார். எல்லாம் அறுத்தாகிவிட்டது, ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் கதிர் நின்றது. நடுவே பயிர் முளைக்காத சொட்டையில், வெறும் மண்ணில், ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள்.

"அடைக்கு உக்காந்து ஒரு மாசம் ஆவப்போவுதுங்க. இன்னிக்கோ நாளைக்கோ பொரிச்சிரும். தண்ணியும் ஏறிட்டே வருது, எது முந்துதோ" என்றார்.

அவர் சோறெடுக்க வீட்டுக்குப் போனதும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்க அடையாளம் வேண்டுமே என்று முட்டைக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, என் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். அது காற்றில் படபடத்தது. குருவிகள் இரண்டும் வட்டமடித்துக் கத்தின, இறங்கவே இல்லை. அரைமணி நேரம் முட்டைகள் உச்சி வெயிலில் கிடந்தன.

"அய்யோ மாதாவே!" என்று மேரியக்கா சோற்றுக் கூடையோடு ஓடி வந்தார். "என்னங்க, கொடி நட்டு மாநாடா நடத்தறீங்க? முட்ட வெந்துபோயிரும்ங்க! நாங்க பக்கத்துல நின்னு அறுத்தப்பக்கூட அது பயப்படல!"

குச்சியைப் பிடுங்கி எறிந்தார். நாங்கள் விலகியதும் ஒரு குருவி தண்ணீருக்கு ஓடி, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈர இறகோடு முட்டைமேல் அமர்ந்தது. சூட்டைத் தணிக்கிறது! இத்தனை வருஷம் பறவை பார்த்தும் நான் அதைக் கண்டதில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

மாலை ஐந்து மணி. தண்ணீர் நாலு எட்டு தூரத்துக்கு வந்துவிட்டது. சூசையும் நானும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து முட்டையைச் சுற்றிச் சின்ன வரப்பு போட்டோம். குருவி என் தலையைக் குறிபார்த்தே பாய்ந்தது. "திட்டட்டும் வுடுங்க" என்றார் சூசை.

ஞாயிறு காலை ஆறு மணி. வரப்பின் முன்பக்கம் நனைந்திருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்களோடு. நான்காவது முட்டை அப்படியே கிடந்தது. என் கைக்குட்டைதான் அதைக் கொன்றுவிட்டதோ? களியும் மீன் குழம்பும் வைத்தார்கள், இறங்கவில்லை.

"சாப்புடுங்க தம்பி. பூசைக்குப் போறேன், மாதாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றார் மேரியக்கா. நேற்றைய கோபத்தின் சுவடே இல்லை.

மறுநாள் டியூட்டி. பத்து மணி பஸ்ஸில் மனசில்லாமல் ஏறினேன். பஸ் நகர்ந்தபோது சூசை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பஸ்ஸைத் தட்டினார்.

"சார்! நாலாவதும் வந்துருச்சுங்க! நடக்குது சார்!"

"யாருக்குங்க பிரசவம்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

ஜன்னல் வழியாகச் சூசையின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் புண்ணியவான், ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

எங்கள் ஊர் ஏரியில் ஆள்காட்டி கத்தாத நாளே கிடையாது. அதையெல்லாம் ஒரு பறவையென்று நான் எழுதி வைத்ததில்லை. அன்று ஓடுகிற பஸ்ஸில், எழுத்து கோணிக்கொண்டு போக, நோட்டில் எழுதினேன்: நாகமரை. ஆள்காட்டி, ஆறு.