உள்ளே இருப்பவர்களின் பட்டியல்

ஒருத்தர் கஷ்டப்பட்டு ஒன்றைச் செய்து "முடிஞ்சிருச்சு" என்று நிமிர்ந்ததும், அது எங்கே உடையும் என்று உட்கார்ந்து தேடுவதுதான் எங்கள் தொழில். சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்பார்கள். தப்பைக் கண்டுபிடித்தால் செய்தவருக்கு முகம் சுருங்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் நமக்குத் திட்டு விழும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்போம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பயராபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த பிறகு மறுபடி போய் வெடிமருந்தைத் தொட மனசு வரவில்லை. அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்து மாடியில் இருந்த சின்ன கம்பெனியில், பயராபீஸ் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த சாஃப்ட்வேர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ஆலையில் வெடித்தால், எந்த ரூமில் யார் யார் இருந்தார்கள். அந்தப் பட்டியல் பொய் சொல்லக் கூடாது. அதைப் பார்க்கத்தான் நான்.

தண்ணீர் குடிக்கப் போனவள்

முதல் படிக்கு யூனிட் டெஸ்டிங் என்று பெயர். மொத்தத்தையும் பார்க்காமல், ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது. புரோகிராம் எழுதுகிற கார்த்தி என்னிடம் ஒரு போனைத் தந்தான். ரூம் வாசலில் அதில் ஆளின் அடையாள அட்டையைக் காட்டினால் எண்ணிக்கை ஒன்று கூடும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் ஐந்தாவது அட்டைக்குத் திரை சிவக்கும். காட்டினேன். சிவந்தது. "அவ்வளவுதான்க்கா, பாஸ்" என்றான்.

நான் மூன்று அட்டையைக் காட்டிவிட்டு, அதில் ஒன்றை மறுபடியும் காட்டினேன். உள்ளே இருப்பது மூன்று பேர், போன் நாலு என்றது. எனக்கு வாய் திறந்து சொல்லக் கூச்சம். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன்: "தண்ணி குடிக்க வெளிய போய்ட்டு வந்தா ரெண்டு ஆளா எண்ணுது." அவன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கதவ மட்டும்தான் நினைச்சேன்க்கா, தாகத்த நினைக்கல."

வீட்டுக்குப் போன பிறகும் ரூமில்

இரண்டாவது படி, தனித்தனியாகச் செய்த துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது. இன்டக்ரேஷன் என்பார்கள். கேட்டில் வருகைப் பதிவு கார்த்தியுடையது. ரூம் கணக்கைப் பவானி என்கிற பிள்ளையிடம் கொடுத்திருந்தார்கள். தனித்தனியாக இரண்டும் தங்கம். சேர்த்ததும், மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பாதி நாளில் கிளம்புகிற மாதிரி நான் செய்து பார்த்தேன். கேட்டில் "வெளியே போய்விட்டார்" என்று வந்தது. ரூமில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

கார்த்தி "என் பக்கம் சரியா இருக்கு" என்றான். பவானி "என் பக்கமும் சரிதான், நீ எனக்குச் சொல்லல" என்றாள். "நீ கேக்கல" என்றான் அவன். இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தடவை பக்கத்து ரூம் வெடித்தது. புகைக்குள்ளே ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். வீட்டுக்குப் போய்விட்ட ஒருத்தியைத் தேடி ஒருவன் உள்ளே ஓடினால், அவன் திரும்பி வருவான் என்று யார் சொல்வது? இதையும் சொல்லவில்லை, எழுதித்தான் கொடுத்தேன். கம்பெனியை நடத்துகிற எங்கள் சார் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்தார்.

"ரெண்டு பேரு பக்கமும் சரின்னா, அந்தம்மா எந்தப் பக்கம்யா நிக்காக?"

கேட்டைத் தாண்டாத போன்

மூன்றாவது படியில் எல்லாவற்றையும் சேர்த்து, உண்மையான இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாத்தூர் ரோட்டில் ஒரு பயராபீஸுக்குப் போனோம். புதுப் போன் ஆறு, சார்ஜர், சாருக்குப் புதுச் சட்டை. கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சி ஒரு மரப்பெட்டியை நீட்டினார். தீப்பெட்டி, பீடி, போன் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது முதல் நாளே தெரியும். ஐந்து வருடம் அந்த மாதிரிப் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். படித்தவர்கள், ஏதாவது அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பயராபீஸில் வேலை பார்த்தவள் கூடவே இருக்கிறாளே, ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பாள் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணாச்சி பெட்டியை மூடினார்.

"பேட்டரிச் சாமான் இந்தக் கேட்டத் தாண்டாது தாயி. இம்புட்டுப் பேரு வந்திருக்கீக, ஒருத்தருக்குமா வாயி இல்ல?"

அட்டை ஒருத்தி, ஆள் ஒருத்தி

பிறகு எல்லாவற்றையும் மாற்றினார்கள். கேட் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். வருகிறவர்கள் அங்கேயே அட்டையைக் காட்டி, எந்த ரூம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இடையில் ரூம் மாறினால் உள்ளேயிருந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள். கடைசிப் படி, வாங்குகிறவர் பார்த்து "எடுத்துக்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவது. ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்க ஆலை முதலாளி ஒத்துக்கொண்டார். அது சரியாக நடந்தால்தான் எங்கள் கம்பெனிக்கு அடுத்த ஆலை.

காலையில் வேன் வந்தது. பெண்கள் இறங்கி வரிசையாக அட்டையைக் காட்டினார்கள். நடுவில் எங்கள் தெரு மாரியம்மா மதினி, எனக்கு அண்ணி முறை. அவள் காட்டியதும் திரையில் "செல்வராணி, ரூம் ஒன்பது" என்று வந்தது. செல்வராணி அவளுடைய நாத்தனார். பிரசவத்துக்குப் போனவள், பிறகு வேலைக்கே வரவில்லை. அவள் அட்டையில் மதினி வந்துகொண்டிருக்கிறாள். எங்கள் பக்கம் இதை மாத்தாள் என்போம். தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. நானே ஒரு வருடம் என் அண்ணன் மனைவி பேச்சியம்மா பேரில் போயிருக்கிறேன். பேச்சியம்மா என்று கூப்பிட்டால் உடனே திரும்புவேன். மதினி என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து, "பாக்காத மாதிரி இருந்துக்க தாயி, எம் பொழப்பு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு தப்பும் வரவில்லை. கார்த்தி சிரித்த முகமாக இருந்தான். முதலாளி பேனாவைத் திறந்தார். எனக்கு ரூம் ஒன்பதுதான் கண்ணில் நின்றது. அது வெடித்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற செல்வராணி வீட்டுக்கு ஆட்கள் போவார்கள். மதினியின் இரண்டு பிள்ளைகளும் அம்மா வருவாள் என்று வேன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருக்கும். எழுதிக் கொடுக்க நேரமில்லை. வாயைத் திறந்தேன். "ஐயா, அட்டையில இருக்கிற ஆளு வேற, வந்த ஆளு வேறயா இருந்தா இதுக்குத் தெரியாது" என்றேன். "யாரு அப்படி வந்தது? பேரச் சொல்லு" என்றார். "பேரு சொல்ல மாட்டேங்கய்யா. நானும் அப்படி வந்தவதான்" என்றேன். சார் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி பேனாவை மூடினார்.

"பேரு தெரியாத ஆளு உள்ள இருந்தா, நாளைக்கு நான் எந்த வீட்டுக் கதவத் தட்டுவேன்?"

ரூம் ஒன்பது

கையெழுத்து தள்ளிப்போனது. ஒவ்வோர் அட்டையிலும் போட்டோ வேண்டும், மாத்தாளாக வந்தவர்கள் மூன்று நாளுக்குள் தாங்களாகவே வந்து சொன்னால் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துச் சொந்த அட்டை போட்டுத் தருவேன் என்றார் முதலாளி. ஏழு பேர் வந்து சொன்னார்கள். பயிற்சி முடிகிறவரை இரண்டு வாரம் அவர்களுக்கு வேலை இல்லை. அந்த இரண்டு வாரமும் தெருக்குழாயில் மாரியம்மா மதினி என் குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். என் மகள் "அத்தை" என்று ஓடினாலும் திரும்பவில்லை. ஆபீஸிலும் சார் தேவைக்கு மட்டும் பேசினார். பவானி மட்டும் ஒரு நாள் என் டிபன் பாக்ஸில் அதிரசம் வைத்திருந்தாள்.

மறுபடி ஓட்டிப் பார்க்கிற நாள். கேட்டில் வரிசை. மதினி புது அட்டையோடு வந்தாள். வாட்ச்மேன் அண்ணாச்சி, திரையும் ஆளும் சரியா என்று ஒவ்வொருத்தரிடமும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். "பேரு?" என்றார். "செல்வராணி" என்றாள் மதினி, பழக்கத்தில். பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏ மதினி, இப்பவும் நாத்தனார வேலைக்கு இழுக்கயே!" என்றாள் ஒருத்தி. மதினி சிரிக்கவில்லை. திரையில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாரியம்மா, ரூம் ஒன்பது. ஏதும் ஒண்ணுன்னா எம் பிள்ளைகளுக்கு முதல்ல சொல்லணும், அதயும் அதுல போட்டுக்கோங்க அண்ணாச்சி."

சோதனை சாஃப்ட்வேருக்குத்தான் என்று சொல்லித்தான் என்னை வேலைக்குச் சேர்த்தார்கள்.