அலகு குத்த டாக்டர் விடவில்லை

எனக்கு வந்த வியாதியை நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது. குடல் அழற்சி என்று ஆரம்பித்து, ஆசனவாய்க்குப் பக்கத்தில் சதையைத் துளைத்து ஒரு குறுக்கு வழியே போட்டுவிட்டது. ஃபிஸ்டுலா என்றார் டாக்டர். சீழ் வந்துகொண்டே இருக்கும். நானோ இங்கே மலேசியாவில் கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் இடையே, கைப்பேசியில் கூப்பிடுகிற ஆளை ஏற்றி இறக்கும் இ-ஹெய்லிங் டிரைவர். உட்கார்ந்தால்தான் சோறு.

நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினேன். ஏறுகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணே, எதுக்கு இந்த டயரு?"

"கிள்ளான்ல வெள்ளம் வந்தா மிதக்கத்தான் லா."

சொந்தக்காரர்களிடம் இடுப்புவலி என்று சொல்லிவைத்தேன். அதற்குத் தண்டனையாக ஏழு வீட்டிலிருந்து ஏழு தைலம் வந்தது. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்தவள் என் மனைவி. வாய் ஓயாத மனுஷி. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. முனையில் ஓர் அங்குலம் வெட்டச் சொன்னாலே சண்டைக்கு வருவாள். அந்த முடி குளியலறைக் குழியை வாரம் ஒரு தடவை அடைக்கும். குனிந்து குடைந்து எடுக்கிறவன் நான். அந்த நேரத்தில் என் வாயில் வராத வார்த்தை கிடையாது.

என் சதையில் விழுந்த பாதை உள்ளே அடைத்துச் சீழ் கட்டாமலிருக்க முதலில் ஒரு நூலைக் கோத்துவிட்டார்கள். அப்புறம் பயோலாஜிக் என்ற மருந்து. டாக்டர் நம்ம தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். அழகாக விளக்கினாள்.

"உங்க உடம்போட காவல்காரங்க ஆள் தெரியாம உங்க குடலையே அடிக்கிறாங்க அங்கிள். இந்த மருந்து அவங்கள அடக்கி வைக்கும்."

"கேக்கலைன்னா?"

"மலம் போறதுக்கு வயித்துல பை வைக்க வேண்டி வரலாம். இப்பவே பயப்படாதீங்க."

பயப்படாமல் என்ன செய்வதாம்? வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு எப்படி ஊர் சுற்றுவது என்று எண்ணி எண்ணியே எனக்குப் பாதி உயிர் போனது. மனைவி அன்று சாமி அறைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

காசநோய் சோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடித்து மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் தடவை, இரண்டு வாரத்தில் அடுத்தது, ஆறாவது வாரம் இன்னொன்று, பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. இரண்டு மணி நேரம் கையில் ஊசியோடு சாய்வு நாற்காலியில் ராஜா மாதிரி கிடப்பேன். பக்கத்தில் இவள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிர் நாற்காலிக்காரரின் குடும்பக் கதையெல்லாம் கேட்டு முடித்துவிடுவாள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு ஈரம் குறைந்தது. நூலை எடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் உள்ளாடை சுத்தமாகக் காய்ந்தே இருந்தது. துவைக்கிறவள் அவள்தான், என்னைவிட முந்தி அவளுக்குத்தான் தெரியும்.

"மேல மூடிக்கிச்சு. உள்ள ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டே இருக்கணும். மருந்த விடக்கூடாது" என்றாள் டாக்டர். நான் எழுந்து ஆடாத குறைதான். அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"டாக்டர், தைப்பூசத்துக்கு இவரு அலகு குத்திக் காவடி எடுக்கணும். ஆறிட்டா எடுப்பாருன்னு வேண்டிக்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் ஓட்டையை அடைக்க நாய்படாத பாடு பட்டிருக்கிறேன், இவள் பத்துமலை முருகன் கோயிலில் வைத்து இன்னும் பத்து போடப் போகிறாளாம்! அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல்!

டாக்டர் சிரிக்கவில்லை. "வேணாம் ஆன்டி. காவல்காரங்கள அடக்கி வச்சிருக்கோம். இப்ப குத்தினா கிருமி சுலபமா உள்ள வந்துடும்."

அன்று கிள்ளான் வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பயணம் நான் கண்டதில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னாள்: "சொன்னத செய்யலன்னா திரும்பத் திறந்துக்கும்ங்க." கேலி செய்யலாம் என்று வாயெடுத்த நான் மூடிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று காலையில் பத்துமலைக்குப் போனோம். பால்குடம் எடுக்கப் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே நடந்தேன். அவள் நேராக மொட்டை அடிக்கும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"ஏய், உனக்குப் பைத்தியமா? எழுந்திரு!"

"வேண்டினது நான். வாய் என்னோடது, குத்துறது மட்டும் உங்க கன்னமா? சாமிகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

கத்தி ஓடத் தொடங்கியதும் அவள் கை என்னைத் தேடியது. நான் அப்படியே பக்கத்துத் தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. நான் வாரா வாரம் திட்டித் தீர்த்த முடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

முடிந்ததும் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இனிமே குளியலறை அடைக்காது. சந்தோஷம்தானே?"

அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. ரப்பர் வளையம் காரிலேயே கிடந்தது. நான் இருந்தது வெறும் சிமெண்டுத் தரையில்.

"ஏங்க," என்றாள், "சம்மணம் போட்டு உக்காந்திருக்கீங்க!"