மூன்றாவது பிரதி

என் மேசை இழுப்பறையில் ஒரு நீல நிறக் கணினி ஃப்ளாப்பி கிடக்கிறது. அதன் தகரக் கதவை விரலால் தள்ளினால், உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு சந்தனக் கறை தெரியும். அதைப் படிக்கும் கருவி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. புதுச்சேரிக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பயனற்ற பொருளைக் கழித்துக்கட்ட ஒரு நடைமுறை உண்டு. குழு அமைக்க வேண்டும், குழு பார்வையிட வேண்டும், குறிப்பு எழுத வேண்டும். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக எத்தனையோ நாற்காலிகளை அப்படி வழியனுப்பியவன் நான். இந்த ஃப்ளாப்பி விஷயத்தில் மட்டும் குழுவின் இன்னொரு உறுப்பினர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் என் மனைவி.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியதும், பிளஸ் டூவோடு கல்யாணமாகி வந்த மனைவி, தொலைதூரக் கல்வியில் பி.சி.ஏ. சேரப் போவதாக அறிவித்தாள். நான் செய்யக்கூடியதைச் செய்தேன். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மூன்று பிரதிகள் எடுத்து, கெஜட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பச்சை நாடாவால் கட்டிக் கொடுத்தேன். அவள் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, “ஏங்க, நான் படிக்கப் போறனா, கோர்ட்ல கேஸ் போடப் போறனா?” என்றாள்.

வகுப்பு சனி, ஞாயிறுகளில். நெல்லித்தோப்பில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது படிப்பு மையம். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே கணினிகளுக்காகப் போட்ட ஏசியில் மனிதர்களும் கொஞ்சம் குளிர்காய்ந்தார்கள். உடன் படித்த பையன்கள் அவளை ஆண்ட்டி என்றார்கள். அவள் அவர்களை வாடா போடா என்றாள். வீட்டுக்கு வந்து, தோசை வார்த்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்துவாள். பாயிண்டர் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். “வீடு இல்லங்க, வீட்டு விலாசம். விலாசம் கையில இருக்கும், அங்க போய்ப் பாத்தா வீடு இருக்கணும்னு அவசியமில்ல.” எங்கள் அலுவலகக் கோப்புகள் எந்த அடிப்படையில் இயங்கின என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கடைசி ஆண்டில் புராஜெக்ட். எங்கள் வீடு கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். மருந்துச் சீட்டும் கையுமாக வெளியே வருபவர்கள் நிறுத்தத்தில் நிற்கும் யாரையாவது பிடித்து, எங்கள் ஊருக்கு எந்த பஸ், எப்போது என்று கேட்பார்கள். அதையே அவள் புராஜெக்டாக எடுத்தாள். ஊர்ப் பெயரைத் தட்டினால் அடுத்த பஸ்ஸைக் கணினி சொல்ல வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் பஸ் நிலையத்துக்கு நடந்து கண்டக்டர்களை விசாரித்தாள்.

“என்னக்கா, ஆர்.டி.ஓ. ஆபீசா?”

“இல்லப்பா, படிக்கிறேன்.”

“பஸ்ஸையா படிக்கிற? எந்த ஊரு யூனிவர்சிட்டிக்கா அது?”

மையத்தில் கணினிகளில் இருப்பதை அடிக்கடி அழித்துவிடுவார்கள் என்பதால், அவள் செய்ததெல்லாம் ஃப்ளாப்பியில்தான் இருந்தது. மூன்று பிரதிகள் எடுத்து வைக்கச் சொன்னேன். எடுத்தாள். புராஜெக்ட் தேர்வு நெருங்கியபோது ஒரு வார்த்தை சொன்னாள்: “இந்தத் தடவை பாஸாகலன்னா விட்டுடுவேங்க. அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் போவா. அவளுக்குச் சோறு கட்டுவனா, நான் படிப்பனா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரம் ஆயுதபூஜை வந்தது. மூன்று ஃப்ளாப்பிகளும் புத்தகங்களோடு பூஜையில் அமர்ந்தன. மூன்றுக்கும் ஜவ்வாது கலந்த சந்தனம், குங்குமம். விஜயதசமி கழித்து, தேர்வுக்கு முந்தின நாளான சனிக்கிழமை, மையத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது கணினி கரகரவென்று இழுத்து நின்றது. அவளை அழைத்து வரப் போன எனக்கு அந்தச் சத்தம் வாசலிலேயே கேட்டது. “ஆண்ட்டி, டிரைவ்லேர்ந்து ஜவ்வாது வாசனை வருது,” என்றான் ஒரு பையன்.

“தகரக் கதவு மேலயா சந்தனம் வெச்ச?” என்றேன்.

“அதுதாங்க நெத்தி மாதிரி பளபளன்னு இருந்துச்சு.”

“மூணுக்குமா?”

“ஒண்ணுக்கு வெச்சு மத்ததுக்கு வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?”

என் நடைமுறையில் இதற்கு விதி எதுவும் இல்லை. அவள் மூன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிளேடும் புது ஃப்ளாப்பிகளும் வாங்கி வரச் சொன்னாள். “ஆபரேஷன் தியேட்டர்ல கூட்டம் போடாதீங்கடா” என்று பையன்களை விலக்கிவிட்டு, உறையைப் பிளந்து உள்தகட்டை எடுத்தாள். முதல் தகடு பிளேடு பட்டுக் கிழிந்தது. இரண்டாவதைத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி, புது உறைக்குள் வைத்தாள். பாதி படித்துவிட்டுக் கணினி மறுத்தது. மிச்சமிருந்தது மூன்றாவது ஒன்றுதான். அலசினாள், ஒற்றினாள், ஊதி உலர்த்தினாள், செருகினாள். திரையில் ‘எந்த ஊருக்குப் போகணும்?’ என்பதை ஆங்கில எழுத்தில் அவள் அடித்து வைத்திருந்த வரி வந்தது. பையன்கள் போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

“மூணு காப்பி எடுக்கச் சொன்னீங்களே, நல்லதாப் போச்சு,” என்றாள். என் பணிக்காலத்தில் நடைமுறைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மறுநாள் தேர்வாளர் வந்தார். வெளியூர்க்காரர், சிரிக்காதவர். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். நிறையக் கேட்டார், இவளும் சொன்னாள். கடைசியில், “சரிம்மா, எனக்குத் திண்டிவனம் போகணும். அடுத்த பஸ் எப்போ?” என்றார். தட்டினாள். நாலே முக்கால் என்றது திரை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சே?”

“ஞாயித்துக்கிழமைதான் சார் இது. மத்த நாள்ல நாலரைக்கே எடுத்துடுவாங்க.”

அவர் ஏதோ எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பாஸா இல்லையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது, கோரிமேடு சாலையில் திண்டிவனம் பஸ் எங்களைத் தாண்டியது. ஜன்னலோர இருக்கையில் தேர்வாளர். எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “பாஸுங்க!” மதிப்பெண் பட்டியல் வர மாதங்கள் ஆயின. அதை நாங்கள் வெறும் ஒப்புகைச் சீட்டாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டோம்.

இப்போது பஸ் எங்கே வருகிறது என்று கைபேசியே சொல்கிறது. நிறுத்தத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனாலும் ஆயுதபூஜை அன்று இழுப்பறையிலிருந்து அந்த நீல ஃப்ளாப்பி தட்டுக்கு வந்துவிடும். ஸ்கூட்டருக்கு, மிக்ஸிக்கு, என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குக்கூடச் சந்தனம் உண்டு. அதற்கு மட்டும் ஒரே ஒரு சாமந்திப் பூ. “அதுக்கும் ஒரு பொட்டு வெச்சாத்தான் என்ன? இனிமே கெட்டுப்போக அதுல என்ன இருக்கு?” என்று போன பூஜையின்போது கேட்டேன்.

“சும்மா இருங்க,” என்றாள். “உள்ள பஸ் ஓடிட்டிருக்கு.”