அதே இடங்களில் பதினொரு கரகரப்பு

தொண்ணூற்று நான்கில், ஃபின்லாந்தின் ஔலு நகரில் கைப்பேசி செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் இரண்டிலும் படித்தவள் நான். இரண்டிலும் பேசாமல் இருக்க நன்றாக வரும். அதனால்தானோ என்னவோ, கேட்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

காற்றில் பேச்சு துண்டு துண்டாக வரும். வழியில் கெட்டுப்போன துண்டைக் கைப்பேசியே கண்டுபிடித்து ஒலிக்காமல் விட வேண்டும். தவறவிட்டால் காதில் ஒரு கரகரப்பு. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கரகரப்புகளை எண்ணுவேன்.

என் ஆறு மாத ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. புது மாடல் பற்றிய என் அறிக்கையைப் பார்த்துத்தான் மேலாளர் மெர்வி என்னை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். சோதனைக்கு ஓர் ஒலிநாடா: பக்கத்து மேஜை ரெய்யோ தன் அண்ணனோடு தொலைபேசியில் பேசியது, அதுவும் ரெய்யோவின் குரல் மட்டும். அலையைப் பலவீனமாக்கி அதைப் புதுக் கைப்பேசிக்கு அனுப்பினேன். பதினொரு கரகரப்பு. நாற்பது தடவை திரும்பத் திரும்ப அனுப்பிக் கேட்டேன். நாற்பதிலும் அதே பதினொன்று, அதே இடங்களில். ‘மிகவும் சீரான பழுது’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டேன்.

வெள்ளிக்கிழமை மெர்வி அந்த ஒலிநாடாவை ஒலிபெருக்கியில் போட்டார். ரெய்யோவின் காது சிவந்தது.

“மெர்வி, அது போன் இல்ல. நான்தான்.”

“நீயா?”

“அண்ணன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். நான் மூச்சை உள்ள இழுத்து ‘யோ, யோ’ன்னு ஆமாம் போட்டுட்டே இருப்பேன். நாம எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்.”

நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஹெட்போனில் கேட்டபோது அடையாளம் தெரியவில்லை.

மெர்வி என் பக்கம் திரும்பினார். “உல்ரிகா, கெட்ட துண்டு தடவைக்குத் தடவை வேற இடத்துல விழும். எப்பவும் ஒரே இடத்துல வந்தா சந்தேகம் வரலயா?”

“வந்துச்சு.”

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமை.”

“ரெய்யோ உன் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தான்?”

“ஆமா. ஆனா வேலையா இருந்தாரு.”

“மூணு நாளாவா?”

ரெய்யோ குறுக்கிட்டார். “இவளை எங்க அண்ணன்கிட்ட அனுப்பிடலாம். நாப்பது தடவை கேட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல பாரு.”

கைப்பேசி தேறியது. என் ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீண்டது, ஒரு நிபந்தனையோடு: நாளுக்கு ஒரு கேள்வியாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை முழுக்க யோசித்து, பதினொரு மணிக்கு ரெய்யோவிடம் கேட்டேன். “காபி இருக்கா?”

“இருக்கு. இதெல்லாம் கேள்வியில சேருமா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்வது பற்றி நிபந்தனையில் எதுவும் இல்லை.